முட்டுகிற எஞ்சினும் முட்டாத எஞ்சினும்

1. செந்திலின் பெட்டி

ஒஸ்லோவில் மாதிரி ரயில் விற்கும் கடையொன்றில், திருத்த வேலை மேசையில் எனக்குத் தகுதிகாண் காலம் முடிகிற கிழமை அது. இரண்டாயிரத்துக்குப் பிந்திய முதல் ஆண்டுகள். முதலாளி ஈவார் என்னைவிடப் பத்து வயது இளையவர். பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்பார்; எனக்கு வாய் வராது. அவர் பேர்கனுக்குப் போகும்போது, வெள்ளிக்கிழமை வந்து என் வேலையைப் பற்றி முடிவு சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த நாளே செந்தில் வந்தார்.

செந்தில் தமிழ்நாட்டுக்காரர். லண்டனில் கணினி வேலை செய்து, பிறகு இங்கே மாற்றலாகி வந்தவர். பெட்டியிலிருந்து பச்சை நிற பிரித்தானிய நீராவி எஞ்சினை எடுத்து மேசையில் வைத்தார்.

"லண்டன்ல நல்லா ஓடுச்சுண்ணா. உங்க கடையில நார்வே ஸ்டேஷன் வாங்கி வச்சேன், அந்த பிளாட்ஃபார்ம்ல போய் முட்டுது. சிலிண்டர் பக்கம் லேசா ராவி விட்டுடுங்க, யாருக்குத் தெரியப்போகுது?"

நானும் பிரித்தானிய ரயில் பைத்தியம்தான். லண்டனில் தங்கச்சி வீட்டுக்குப் போனால், அவள் கடைக்குக் கூப்பிடுவாள். நான் பிளாட்போம் நுனியில் நின்று ரயில் பார்ப்பேன். ஒஸ்லோவின் ஓரத்தில் ஹவுகன்ஸ்டுவாவில் எங்கள் மாடிக் குடியிருப்பின் நிலவறையில் பிரித்தானிய எஞ்சின், பிரித்தானிய ஸ்டேஷன் என்று ஒரு குட்டி இங்கிலாந்தே வைத்திருந்தேன். ஆகையால் இதென்ன பெரிய வேலை என்று நினைத்து, சனிக்கிழமை வரச் சொன்னேன்.

2. யாரில் பிழை?

கடை யன்னலில் ஒரு நோர்வே ஸ்டேஷன் உண்டு. எஞ்சினை அதில் ஓட்டினேன். பிளாட்போம் ஓரத்தில் சிலிண்டர் இடித்து நின்றுவிட்டது. நோர்வே எஞ்சினை ஓட்டினேன், வழுக்கிக்கொண்டு போனது. அப்படியானால் செந்திலின் எஞ்சினில்தான் கோளாறு என்று தட்டிலிருந்து புதுப் பிரித்தானிய எஞ்சின் ஒன்றை எடுத்தேன். அதுவும் இடித்தது. இன்னொன்றை எடுத்தேன். அதுவும்தான்.

எல்லாம் ஒரே தண்டவாளம். பதினாறரை மில்லிமீட்டர், அளந்தும் பார்த்தேன். பிரித்தானியப் பெட்டியில் 'ஓஓ' என்றும் மற்றப் பெட்டிகளில் 'எச்ஓ' என்றும் போட்டிருக்கும். ஒரே சாமானுக்கு இரண்டு நாட்டுக்காரர் வைத்த பெயர் என்றே அதுவரை நம்பியிருந்தேன். இப்போது எஞ்சினின் உடம்பை அளந்து கணக்குப் பார்த்தால், நிஜ எஞ்சினில் எழுபத்தாறில் ஒரு பங்கு வந்தது. தண்டவாள அகலத்தைப் பார்த்தால் எண்பத்தேழில் ஒரு பங்கு. ஒரே வண்டிக்கு இரண்டு கணக்கு. எனக்குத் தலை சுற்றியது.

அரத்தைக் கையில் எடுத்தேன். எஞ்சின் பிழை என்றால் எஞ்சினை அராவ வேண்டும், பிளாட்போம் பிழை என்றால் பிளாட்போமை. எது பிழை என்று கடைசிவரை பிடிபடவில்லை. அரத்தைத் திரும்ப மேசை லாச்சிக்குள் போட்டு மூடினேன்.

வீட்டில் மனைவி முகத்தைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டாள். சொன்னேன்.

"ஆரிலை பிழை எண்டாலும் வேலை போகப்போறது உங்களுக்குத்தான்," என்றாள்.

எனக்கும் அந்தப் பயம்தான். முந்தி மாதிரித் திரும்பவும் விடியப்புறத்தில் எழும்பி, ஆட்கள் வேலைக்கு வர முன் கந்தோர் கழுவப் போக எனக்கு விருப்பமே இல்லை.

வெள்ளிக்கிழமை ஈவார் வந்தார். கண்ணாடி வில்லையை வைத்து எஞ்சினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு விளக்கினார். பிரித்தானிய எஞ்சின்கள் நிஜத்திலேயே ஒடுக்கமானவை. அந்தக் காலத்து மோட்டார் எண்பத்தேழில் ஒரு பங்கு உடம்புக்குள் அடங்கவில்லை. உடம்பைக் கொஞ்சம் பெருப்பித்தார்கள். தண்டவாளத்தை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்கள். எல்லாரும் தெரிந்தே ஒத்துக்கொண்ட கோணல் அது. நோர்வே ஸ்டேஷன் எண்பத்தேழுக் கணக்கில் செய்தது; என் நிலவறையில் ஸ்டேஷனும் பெருத்த கணக்கிலேயே இருந்தபடியால் ஒரு நாளும் முட்டவில்லை. என் வேலையைப் பற்றி அவர் மூச்சும் விடவில்லை.

சனிக்கிழமை செந்திலிடம் எஞ்சினைக் கொடுத்து, பிளாட்போமை மூன்று மில்லிமீட்டர் தள்ளி வைக்கச் சொன்னேன்.

"அப்போ நார்வே ட்ரெயின் வந்து நின்னா கேப் விழுமே?"

"ஓம் தம்பி, விழும். ரெண்டுக்கும் பொருந்திற மாதிரி வைக்கேலாது."

எஞ்சினைப் பெட்டிக்குள் வைத்து மூடினார். "சரி, நார்வே ட்ரெயின் அங்க நிக்காமலே போகட்டும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனதும் ஈவார் என் மேசையடிக்கு வந்தார். அவர் நோர்வே மொழியில் சொன்னதை எங்கள் தமிழில் எழுதுகிறேன்.

"உங்களுக்கு முந்தி இந்த மேசையிலை இருந்தவர், இதே மாதிரி வந்த எஞ்சினை அராவிப்போட்டார். அவருக்கு ஒரு குழப்பமும் இருக்கேல்லை. நீங்கள் திங்கக்கிழமை வாங்கோ."

இத்தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: எது பிழை என்று தெரியாதபோது அரத்தை எடுக்காதீர்கள். அராவிய உலோகம் திரும்ப வளராது. அதற்குப் பிறகு அந்த மேசையில் பல வருடம் குழம்பினேன்; சம்பளமும் ஒழுங்காக வந்தது.