பிக்கு சாப்பிடாமல் கேட்ட என் பேச்சு

மூன்று வருடங்களுக்கு முன்பு, கச்சான் காற்று அனலாய் அடித்துக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை. மட்டக்களப்பு வாவியோரம் உள்ள ஓர் இறையியல் கல்லூரியில் நான் அப்போது இறுதி வருட மாணவன். போதகராகப் போகிறவன் அல்லவா, மைக்கைக் கண்டால் விடமாட்டேன். அந்தக் குணம் இப்போதும் முழுதாகப் போய்விடவில்லை.

ஆசியாவின் சமயங்களையும் பண்பாடுகளையும் தெரிந்துகொள்ள, மாணவர்கள் நாங்களே மாதம் ஒருமுறை ஒன்றுகூடுவோம். வேறு சமயத்தவர் ஒருவரை அழைத்து, அவர் சொல்வதைக் கேட்டு, சேர்ந்து சாப்பிட்டுப் பிரிவோம். மண்டூரிலிருந்து ஒரு பூசகர் வந்திருக்கிறார், ஒரு மௌலவி வந்திருக்கிறார். அந்த மாதம் அம்பாறைப் பக்கமிருந்து ஒரு பௌத்த பிக்கு. எல்லாப் பொறுப்பும் என்னுடையது.

அவர் வந்த பஸ் வழியில் பழுதாகிவிட்டது. பஸ் நிலையத்தில் அவரைச் சந்தித்தபோது பத்தரை மணி. இருட்டோடு புறப்பட்டவர், காலையில் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. ஏதாவது கடைக்குப் போவோமா என்று கேட்டேன். "மதியம் இருக்குத்தானே" என்று சிரித்தார். பிக்குமார் நண்பகல் தாண்டினால் உண்பதில்லை என்பது எனக்குத் தெரியாததல்ல. பதினொன்றரைக்குச் சாப்பாடு, பின்னேரம் அவருடைய உரை என்று ஒழுங்கு செய்தவனே நான்தான்.

எங்கள் சமையல் அக்காவிடமும் அதைப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். கல்லடியிலிருந்து வருகிறவர். சந்தையில் பார்த்துப் பார்த்து மரக்கறி வாங்கி, விருந்தாளிக்கென்று ஒரு புதுத் தட்டும் வாங்கி வைத்திருந்தார்.

பதினொரு மணிக்கு நான் கட்டுரை வாசிக்க எழும்பினேன். இருபது நிமிடம்தான் ஒதுக்கியிருந்தோம். தலைப்பு, ஆசியச் சமயங்களில் உணவு ஒழுக்கம். மண்டபத்துக் கடிகாரம் என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. பிக்கு முன்வரிசையில் அதற்கு நேரே இருந்தார். அவர் தலையாட்டத் தலையாட்ட எனக்கு உற்சாகம் ஏறியது. தாளை மடித்து வைத்துவிட்டு, தாளில் இல்லாததையெல்லாம் பேசினேன்.

நடுவில் சமையல் அக்கா வாசலில் வந்து நின்று கையை உயர்த்தினார். உப்போ புளியோ கேட்க வந்திருப்பார் என்று நினைத்து, போகும்படி கையைக் காட்டினேன். மறுபடி வந்தார். மறுபடியும் காட்டினேன். மூன்றாம் முறை அவர் வந்தபோது, நண்பகலுக்குப் பின் பிக்கு உண்ணமாட்டார், பசித்தாலும் வாய் திறந்து கேட்கமாட்டார் என்று அழுத்தந்திருத்தமாக விளக்கிக்கொண்டிருந்தேன். வாசல் பக்கம் திரும்பவே இல்லை.

கைதட்டலோடு பேசி முடித்துத் திரும்பிப் பார்த்தால், மணி பன்னிரண்டேகால்.

பிக்கு முன்னால் ஓடிப்போய் நின்றேன். "பரவாயில்ல. எங்கட விதி எல்லாம் சரியாத்தான் சொன்னது" என்றார், தனக்குத் தெரிந்த தமிழில். வெறும் தேத்தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்தார். முந்தின நாள் மதியம் கடைசியாகச் சாப்பிட்ட அந்த மனிதர் அன்று பின்னேரம் ஒரு மணி நேரம் எங்களுக்கு அன்பைப் பற்றிப் பேசினார். நான் தலை நிமிரவில்லை.

குசினியில் அக்கா அந்தப் புதுத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். "நீதானே மனே பன்னிரண்டுக்கு முதல் குடுக்கணும் எண்டு சொன்ன. மூண்டு தரம் வந்தன். நீ என்னைப் பாக்கவே இல்லையே." ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் அழுதுகொண்டே சொன்னதுதான் தாங்க முடியவில்லை.

பிக்கு அன்றிரவு நகரத்து விகாரையில் தங்குவதாக இருந்தது. விடிந்ததும் அங்கேயே சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்போம் என்று அக்காவே வழி சொன்னார். மறுநாள், ஞாயிறு ஆராதனைக்கு முன்பே, ஓட்டோவில் கல்லடிக்குப் போனேன். அக்கா பாற்சோறு சமைத்து, தட்டையும் எடுத்துக்கொண்டு தயாராக நின்றார். இருவரும் அதே ஓட்டோவில் வாவிப் பாலத்தைத் தாண்டிப் போனோம்.

விகாரையில் அக்கா தட்டில் சோற்றைப் போட்டு என்னிடம் நீட்டினார். "நீயே குடு மனே."

இரண்டு கையாலும் கொடுத்தேன். பிக்கு ஆறுதலாகச் சாப்பிட்டார். தட்டில் குறையக் குறைய, அவர் கேட்காமலே அக்கா இன்னொரு கரண்டி வைத்தார். சாப்பிட்டு முடித்து என்னைப் பார்த்தவர், "நேற்றுப் பேசினதில மிச்சம் இருந்தா இப்ப சொல்லலாம். நேரம் இருக்கு" என்றார். அக்கா சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

இன்று எனக்கென்று ஒரு சபை இருக்கிறது, கைநிறையக் குறிப்புகளோடு பிரசங்கிக்க எழும்புகிறேன். ஆனால் முதல் வசனத்துக்கு முன்னால், யாராவது கையை உயர்த்திக்கொண்டு நிற்கிறார்களா என்று ஒருமுறை வாசலைப் பார்த்துக்கொள்கிறேன்.