அரைஞாணில் கட்டிய பேஸ் கிட்டார்

சர்க்கரைக்கு ரத்தம் கொடுக்கிறவர்களுக்குத் தெரியும். வெறும் வயிற்றில் ஒரு தடவை, இட்லி சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு தடவை. நடுவில் இருக்கிற இரண்டு மணி நேரத்தை என்ன செய்வது என்று எந்த டாக்டரும் சொல்வதில்லை. போன வாரம் தில்லை நகரில் முழங்கை மடிப்பில் பஞ்சை ஒட்டிக்கொண்டு குறுக்குத் தெருக்களில் நடந்துகொண்டிருந்தேன். ஒரு கடை வாசலைத் தாண்டும்போது மூக்கில் ஏறியது அந்தப் புகை. ஈயம் உருகும்போது கூடவே பொசுங்குமே ஒரு பசை, அதன் புகை. சிலருக்கு மல்லிகைப் பூ வாசனையில் பழசெல்லாம் ஞாபகம் வரும். எனக்குச் சால்டரிங் புகை. கால் தானாக உள்ளே போய்விட்டது.

சுவர் முழுக்கக் கிட்டார்கள். கல்லாவில் இருந்த பெண் எழுந்து, "வாங்க சார், பேரனுக்கா?" என்றாள்.

"எனக்கும்மா."

என் முகத்தைப் பார்த்தாள், பஞ்சைப் பார்த்தாள். "எந்த மாதிரி பாக்கறீங்க?"

"பேஸ்."

என்னை ஸ்டூலில் உட்காரவைத்து, கறுப்பாக, வழவழவென்று ஒன்றை எடுத்து என் மடியில் வைத்து, வயரைச் சொருகினாள். நான் கம்பிகளில் கை வைத்தேன். பிறகு கையை எடுத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"என்ன சார் பாக்கறீங்க?"

"சத்தம் வருதான்னு பாக்கறேன்."

"வாசிச்சாதான் சார் வரும்."

அந்தப் பெண்ணிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். ஒரு காலத்தில் வாசிக்காமலே வரும்.

நான் படித்தது ஏழாம் வகுப்பு. அதிலும் ஏழாம் வகுப்பு முழுசாக இல்லை. பாலக்கரையில் ஒரு மோட்டார் வைண்டிங் கடையில் உட்கார்ந்துவிட்டேன். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்துப் புதுக் கம்பி சுற்றுகிற வேலை. ஆனால் தன் கையால் கம்பிச்சுருள் சுற்றி, தன் கையால் ஈயம் பற்றவைத்து, அதையே மேடையில் வாசித்த பேஸ் கிட்டார்காரன் திருச்சியில் என்னைத் தவிர எவனும் கிடையாது. மெட்ராஸிலிருந்து வந்த கச்சேரிக்காரர்களே என் கிட்டாரைக் குனிந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பார்த்துவிட்டு என்ன சொன்னார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள்.

பேஸ் என்றால் தெரியாதவர்களுக்கு: தடித்த நாலு கம்பி. பாட்டுக்கு அடியில் 'தும் தும்' என்று நடந்துகொண்டே இருக்கும் சத்தம். என்னுடையது பொன்மலை ரயில்வே குடியிருப்பில் ஊரைவிட்டுப் போன ஒரு குடும்பம் விட்டுச்சென்றது. கட்டையும் கழுத்தும் நன்றாக இருந்தன. கம்பிக்கு அடியில் சத்தத்தைப் பிடிக்கிற பிக்கப் செத்துக் கிடந்தது. காந்தத்தைச் சுற்றி முடி மாதிரியான செப்புக் கம்பி, அவ்வளவுதான் பிக்கப். பழைய ரேடியோ டிரான்ஸ்ஃபார்மரைப் பிரித்துக் கம்பி எடுத்தேன். அம்மாவின் தையல் மெஷினில் பாபின் சுற்றுகிற சக்கரத்தில் மாட்டி, ஒவ்வொரு சுற்றாக எண்ணிக்கொண்டே சுற்றினேன்.

"என்னடா வாய்க்குள்ள முணுமுணுக்கிற?" என்றார் அம்மா.

"எண்ணிக்கிட்டிருக்கேன், பேசாதீங்க."

"எத்தனை ஆச்சு?"

"நாலாயிரத்து..." போச்சு. அதற்கப்புறம் குத்துமதிப்புதான். மோட்டார் எரியக் கூடாது என்று கடையில் நாலு சுற்று கூடுதலாக விடுவோம். அந்தப் பழக்கத்தில் இதற்கும் விட்டேன். பிக்கப்பில் சுற்று கூடினால் குரல் தடிக்கும், மேல் சுரம் மங்கும். இன்றைக்கு இதைக் கம்பெனிக்காரன் தனி மாடலாக விற்கிறான். எனக்கு அம்மா கேட்ட கேள்வியில் கிடைத்தது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பேஸ் கம்பி விலை எப்போதுமே நம் வயிற்றில் அடிக்கும். கம்பி அழுக்கேறி மொத்தையாகப் பேசினால் தூக்கிப் போடாதீர்கள். கழற்றி, கொதிக்கிற தண்ணீரில் பத்து நிமிஷம் போட்டு எடுத்து, ஈரம் போகத் துடைத்து, வெயிலில் காய வையுங்கள். மூன்று நான்கு கச்சேரிக்குப் பளிச்சென்று பேசும். நான் அம்மாவின் குழம்புச் சட்டியில் போட்டேன். அந்தச் சட்டியில் பிறகு எங்கள் வீட்டில் குழம்பு வைக்கவில்லை. உங்களுக்குத் தனிச் சட்டி நல்லது. அதே மாதிரி, கம்பி முடிகிற இடத்தில் ஒரு இரும்புப் பட்டை இருக்கும், பிரிட்ஜ் என்பார்கள். அதை ஒட்டிக் கம்பிக்கு அடியில் ஒரு துண்டு ஸ்பாஞ்சைச் சொருகினால் பெரிய மரவாத்தியம் மாதிரி அடக்கமாகத் 'தும்' என்று விழும். என்னுடையது பழைய சைக்கிள் சீட்டின் ஸ்பாஞ்சு. மழைக்காலத்தில் கொஞ்சம் வாசனை வரும், பரவாயில்லை.

இவ்வளவு கெட்டிக்காரனுக்கு ஒரே ஒரு குறை. கிட்டாரை ஆம்ப்ளிஃபயரில் சொருகிய நிமிஷத்திலிருந்து 'ங்ங்ங்' என்று இரையும். நான் கிட்டே போனால் இன்னும் கூடும். எங்கள் மெல்லிசைக் குழுவில் டிரம்ஸ் வாசித்த காதர், எனக்கு அடுத்த தெருக்காரன், "மாப்ள, உன் கிட்டாருக்குள்ள தேன்கூடு இருக்குடா, ஒருநா கையை விட்டுப் பாரு" என்பான்.

ஒரு நாள் ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். மகளின் கல்யாண ரிசப்ஷனுக்குக் கச்சேரி பேசுவதற்காக. பாட்டுப் பட்டியலையெல்லாம் கேட்டுவிட்டு, "எல்லாம் பேஷா இருக்கு. அந்த வண்டும் வருமோ?" என்றார்.

"எந்த வண்டுங்க சாமி?" என்றார் எங்கள் குழுத் தலைவர் சேவியர் அண்ணன். அவர் ஆர்கன் வாசிப்பவர்.

"போன மாசம் சித்திரை வீதியில ஒரு கல்யாணத்துல, உங்க கச்சேரி முழுக்க ஒண்ணு பாடிண்டே இருந்ததே, அது. மத்தவாள்லாம் வரட்டும். அது மட்டும் வேண்டாம்."

அவர் போனதும் சேவியர் அண்ணன் என் பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "தம்பி, அன்னிக்கு வண்டு வந்துச்சுன்னா அதோட நீ வீட்லயே இருந்துக்க. பேஸை நான் ஆர்கன்ல இடது கையால அடிச்சுக்கறேன்."

உங்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். பகலெல்லாம் வார்னிஷ் நாற்றத்தோடு ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறவனை எல்லோரும் "ஏய் வைண்டிங்" என்றுதான் கூப்பிடுவார்கள். மேடையில் வெள்ளை பேன்ட்டும் சுருக்கு வைத்த சட்டையுமாக நிற்கும்போது மைக்கில் என் பெயரைச் சொல்லி, பின்னால் 'அவர்கள்' என்று சேர்ப்பார்கள். அந்த 'அவர்கள்' போய்விடக் கூடாது என்று வண்டு வேட்டையில் இறங்கினேன்.

முதலில் டீக்கடையில் சிகரெட் பெட்டிக்குள் இருக்கிற வெள்ளித்தாளைச் சேர்த்து, கிட்டாரில் பிக்கப் உட்காருகிற குழிக்குள் மைதா பசையால் ஒட்டினேன். இரைச்சல் குறையவில்லை, கரப்பான்பூச்சி சேர்ந்தது. தாள்கள் ஒன்றையொன்று தொட வேண்டும், எல்லாம் சேர்ந்து எர்த் வயரைத் தொட வேண்டும், அப்போதுதான் பலன். இது பின்னால் தெரிந்தது. உங்களுக்கு இப்போதே சொல்லிவிட்டேன்.

கச்சேரிக்கு இரண்டு நாள் இருக்கும்போதுதான் கண்டுபிடித்தேன். வயர் சொருகுகிற இடத்து இரும்பில் தற்செயலாக விரல் பட்டது, இரைச்சல் அடங்கியது. விரலை எடுத்தேன், வந்தது. வைத்தேன், போனது. அந்த இரும்புதான் கிட்டாரின் எர்த். ஆக, என் உடம்பும் அதுவும் ஒட்டியே இருக்க வேண்டும். இரண்டு கையும் வாசிக்கப் போய்விடும். எந்நேரமும் உடம்போடு இருக்கிற உலோகம் என்னிடம் என்ன இருக்கிறது? குளிக்கப் போனபோது விடை கிடைத்தது. இடுப்பில் வெள்ளி அரைஞாண்! ஒரு முழம் வயர் எடுத்து, ஒரு முனையைக் கிட்டாரின் எர்த்தில் பற்றவைத்து, மறுமுனையில் கிளிப் மாட்டி, சட்டைக்குள் விட்டு அரைஞாணில் கவ்வவிட்டேன். வண்டு செத்தது. பத்தாவது, பன்னிரண்டாவது படித்தவனுக்கு வருமா இந்த யோசனை? வராது. ஏன் வராது என்பது ரிசப்ஷனில் தெரிந்தது.

சத்திரத்தில் மேடை ஏறியதும் காதர் என் பின்பக்கம் பார்த்தான். "என்ன மாப்ள, வால் மொளைச்சிருக்கு?"

"பேசாம வாசிடா."

அஞ்சு பாட்டு போனது. ஒரு சின்ன முனகல்கூட இல்லை. முன்வரிசையில் பெண்ணின் அப்பா காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக் கேட்டுவிட்டு, "பறந்து போயிடுத்து!" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். சேவியர் அண்ணன் என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். எனக்கு அப்போதே காலர் விறைத்துவிட்டது.

ஆறாவது பாட்டில் நடுவில் ஆண்கள் சேர்ந்து "ஹோய்!" போட வேண்டும். மைக்கை நெருங்கினேன். இரும்பு வலை போட்ட மைக். உதடு பட்டது.

உதட்டில் ஆரம்பித்து அரைஞாண் வரைக்கும் கரண்டு ஒரே இழுப்பு. மைக்செட்காரன் வயரில் எர்த்தும் கிடையாது, ஒன்றும் கிடையாது. நான் எழும்பினேன். காதர் இரண்டு அடி என்பான், மூன்றுக்குக் குறையாது. இறங்கும்போது கை நாலு கம்பியிலும் விழுந்து 'டம்' என்றது, அதுவும் சரியாகத் தாளத்தில். சத்திரமே கை தட்டியது. "ஒன்ஸ் மோர்!"

பாட்டு முடிந்ததும் பெண்ணின் அப்பா மேடைக்கே வந்துவிட்டார். "அந்தத் துள்ளல் ரொம்ப நன்னா இருந்தது. மாப்பிள்ளையாத்துக்காரா எல்லாரும் கேக்கறா. இன்னொரு தரம் ஆகட்டும்."

"தம்பி, அதையே செய்யி" என்றார் சேவியர் அண்ணன்.

"அண்ணே, அது வந்து..."

"செய்யி. நீ நம்ம ஆளு."

மறுபடி அதே பாட்டு. இந்தத் தடவை உதட்டை ஒரு சாண் தள்ளி வைத்துக்கொண்டு "ஹோய்" என்று நானாகவே குதித்தேன். கை தட்டல் இல்லை. எங்கேயோ ஒரு குழந்தை மட்டும் சிரித்தது. பெண்ணின் அப்பா உதட்டைப் பிதுக்கினார். "முன்ன அதுல ஒரு ஜீவன் இருந்தது. இது சும்மா குதிக்கறது."

கிளிப்பைக் கழற்றினால் ஷாக் போகும், வண்டு வரும். கழற்றாவிட்டால் வண்டு போகும், நான் போனாலும் போவேன். சேவியர் அண்ணனைப் பார்த்தேன். அவருடைய இடது கை ஆர்கனின் அடிக்கட்டைகளுக்கு மேலே சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கையைப் பார்த்த பிறகு எனக்கு யோசனையே இல்லை. அடுத்த "ஹோய்" வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு உதட்டைக் கொண்டுபோய் மைக்கில் வைத்தேன்.

அந்தக் கைதட்டல் மாதிரி அதற்கப்புறம் நான் கேட்டதில்லை.

மூன்றாவது தடவையும் கேட்டார்கள். நான் மைக் பக்கம் நகரும்போது டிரம்ஸ் சத்தம் நின்றது. காதர் எழுந்து போய் மைக்செட்டின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, "கரண்டு போயிடுச்சுங்க!" என்று கூவினான். தலைக்கு மேலே சத்திரத்து விளக்கெல்லாம் ஜெகஜ்ஜோதியாக எரிந்துகொண்டிருந்தது, மின்விசிறியும் சுற்றிக்கொண்டிருந்தது. எல்லோரும் எழுந்துவிட்டார்கள். சாப்பாட்டு இலை போட்டுவிட்டார்கள்.

பந்திக்குப் போகாமல் என்னைக் கொல்லைப்புறம் இழுத்துப் போனான். "வெளங்காதவனே, செத்துத் தொலைஞ்சிருப்படா! வெள்ளி அரைஞாண்ல கரண்டு வாங்குற மொத ஆளு நீதாண்டா." என் உதட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "வயரை ஏண்டா உன் மேல கட்டுற? கிட்டார் மேல கட்டு. எப்பவும் அதத்தானே தொட்டுக்கிட்டு நிக்கிற?"

இதே யோசனை எனக்கும் வந்துகொண்டுதான் இருந்தது, அவன் முந்திக்கொண்டான். எர்த் வயரைப் பிரிட்ஜில் பற்றவைத்தால், அதன் வழியாக நாலு கம்பியும் எர்த் ஆகிவிடும். கம்பியில் கை இருக்கிறவரை இரைச்சல் வராது. உங்கள் கிட்டார் இரைந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். ஆனால் ஒன்று: இப்படிக் கட்டினாலும் மைக் சரியில்லை என்றால் அடிக்கும். வாயைத் திறப்பதற்கு முன்னால் மைக்கை டெஸ்டர் வைத்துப் பாருங்கள். எர்த் இல்லாத இரண்டு பின் பிளக் வைத்திருக்கிற மைக்செட்காரன் எவ்வளவு சொந்தக்காரனாக இருந்தாலும் நம்பாதீர்கள். உடம்பில் வயர் கட்டுகிற வேலையே வேண்டாம். துள்ள வேண்டும் என்றால் சும்மா துள்ளுங்கள். கை தட்டாவிட்டால் போகிறார்கள்.

அதற்கப்புறம் என் கிட்டாருக்கு ஒரு குணம் வந்தது. கை வைத்தால் அடங்கும், கையை எடுத்தால் அழும். டீ குடிக்க ஸ்டாண்டில் சாய்த்து வைத்துவிட்டுப் போனால் 'ங்ங்ங்' என்று ஆரம்பித்துவிடும். சேவியர் அண்ணன் மேடையிலிருந்து கத்துவார்: "தம்பி, உன் புள்ள அழுவுது! வந்து கையை வையி!" டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடுவேன். ஒன்பது வருஷம் ஓடினேன்.

பிறகு சிங்கப்பூரிலிருந்து ஒரு கீபோர்டு வந்தது. இடது கையில் இரண்டு விரல் வைத்தால் பேஸ் தானாகவே நடக்கும். "தம்பி, இந்தத் தடவை வேன்ல இடம் கம்மி" என்றார் சேவியர் அண்ணன். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். பார்த்துச் சொல்லியிருந்தால் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்திருக்கும். அந்தக் கச்சேரிக்கு நான் டவுன் பஸ் ஏறிப் போனேன். கடைசி வரிசையில் நின்று, யாராவது "பேஸ் வாசிக்கறவரு எங்க?" என்று கேட்கிறார்களா என்று பார்த்தேன். நன்றாகச் சாப்பிட்டுவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள்.

நான் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. சொந்தமாக வைண்டிங் பட்டறை வைத்தேன், மாடி வீடு கட்டினேன், இன்றைக்கு என்னை 'முதலாளி' என்கிறார்கள். அரைஞாண் ஒரு நாள் அறுந்தது. உருக்கிப் பேத்திக்குக் கொலுசு பண்ணியாகிவிட்டது. சேவியர் அண்ணன் போய்ச் சேர்ந்துவிட்டார். காதர் துபாய்க்குப் போய்விட்டு வந்து பாலக்கரையில்தான் இருக்கிறான். காது மந்தம். நான் இரண்டு அடி என்று ஒத்துக்கொண்டாலும் இனிமேல் அவனுக்குக் கேட்காது.

"பிடிச்சிருக்கா சார்?" என்றாள் அந்தப் பெண்.

"நல்லா இருக்கும்மா. கையை எடுத்தா கூப்பிட மாட்டேங்குது, அதான்."

அவள் விலைச்சீட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "வாரன்ட்டி ரெண்டு வருஷம் இருக்கு சார்" என்றாள்.

மணி பார்த்தேன். இரண்டாவது ரத்தம் கொடுக்க நேரமாகிவிட்டது. கிட்டாரை ஸ்டாண்டில் சாய்த்து வைத்துவிட்டு நடந்தேன். வாசல்படி வந்ததும், இப்போது 'ங்ங்ங்' வரும் என்று கால் பழக்கத்தில் நின்றது. திரும்பிப் பார்க்காமல் காதை மட்டும் தீட்டிக்கொண்டேன்.

பின்னால் கிட்டார் அது பாட்டுக்குச் சும்மா இருந்தது.