நான் அளந்து பார்க்காத மைலேஜ்

இரண்டு ஆண்டுகளுக்கு முன், சித்திரை மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றின் காலையில், உத்திரமேரூரிலிருந்து செங்கல்பட்டு செல்லும் சாலையில் இது நடந்தது. அப்போது நான் கல்லூரியில் இறுதியாண்டு படித்துக்கொண்டிருந்தேன். கல்லூரிகளுக்கு இடையிலான பேச்சுப்போட்டியின் இறுதிச் சுற்றுக்காக அன்று புறப்பட்டிருந்தேன். வெற்றி எனக்குத்தான் என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை.

அந்தக் காலையைச் சொல்வதற்கு முன், அதற்கு ஐந்து மாதங்களுக்கு முன் எங்கள் வீட்டு வாசலில் நடந்த ஒரு விற்பனையைச் சொல்லியாக வேண்டும்.

அப்பா தம் பழைய சிறிய காரை விற்க முடிவு செய்திருந்தார். பத்து ஆண்டுகள் ஓடிய பெட்ரோல் வண்டி. வாங்க வந்தவர் ஊரில் நெல் மண்டியில் மூட்டை தூக்கும் தொழிலாளி. நாற்பதைக் கடந்தவர், ஓட்டுநர் உரிமம் வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவர் மனைவிக்குச் சிறுநீரகம் பழுதாகி, வாரத்துக்கு மூன்று நாள் செங்கல்பட்டுக்கு டயாலிசிஸ் போகவேண்டியிருந்தது. அப்பா ஆர்.சி. புத்தகத்தைத் தேட உள்ளே போன நேரத்தில், அவர் என்னிடம் கேட்டார்.

"லிட்டருக்கு இன்னா குடுக்குது பாப்பா? சரியா சொல்லு. பஸ்சுல இட்டுக்கினு போனா, திரும்பி வரச்சொல்ல பஸ் ஸ்டாண்டுலயே சாஞ்சிடுது அது. வாரத்துக்கு மூணு நாளும் கட்டுப்படி ஆச்சுன்னா வண்டியை எடுத்துக்கிறேன். இல்லாங்காட்டி பஸ்சுதான்."

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. அந்த வண்டிக்கு ஒரு முறைகூட நான் பெட்ரோல் போட்டதில்லை. "அப்பா வரட்டும், கேட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லியிருக்க வேண்டியவள் நான். ஆனால் எதிரே ஒருவர் தயங்கி நின்றால் அவரை என் பக்கம் இழுத்துவிட வேண்டும் என்பது எனக்குப் பழக்கமாகியிருந்தது. மேடைப் பயிற்சியில் நான் முதலில் கற்றவற்றுள் ஒன்று, எண்ணை எப்படிச் சொல்வது என்பது. 'ஏறத்தாழ இருபது' என்றால் அவை அசையாது. புள்ளி வைத்து ஓர் எண்ணைச் சொன்னால், பேசுபவர் அளந்து பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறார் என்று அவை எண்ணிக்கொள்ளும். மறுக்க வந்தவரும் தயங்குவார். அந்த உத்தியால் நான் கோப்பைகள் வாங்கியிருக்கிறேன்.

"இருபத்திரண்டு புள்ளி நாலு" என்றேன்.

அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், நேர்மையான விடை இதுதான்: எப்போதோ விளம்பரத்தில் பார்த்த எண்ணிலிருந்து கொஞ்சம் குறைத்து, நம்பும்படி ஆக்கினேன். அத்தோடும் நிற்கவில்லை. ஒரே கையில் ஓடிய வண்டி, காலந்தவறாமல் ஆயில் மாற்றிய வண்டி, பள்ளத்தில் இறக்காத வண்டி என்று காரணங்களை அடுக்கினேன். அவர் முகம் தெளிந்தது. அங்கேயே நின்று மனைவிக்குப் போன் செய்து அந்த எண்ணைச் சொன்னார். அப்பா புத்தகத்தோடு வெளியே வந்தபோது பேரம் முடிந்திருந்தது. ஒரு சுற்றை வென்ற களிப்போடு நான் உள்ளே போனேன். அன்றே அதை மறந்தும் போனேன்.

இனி அந்த வெள்ளிக்கிழமை. நான் நிறுத்தத்தை அடைவதற்குள் பேருந்து போய்விட்டது. அடுத்ததற்குக் காத்திருந்தால் போட்டி தொடங்கிவிடும். அந்த நேரத்தில் எங்கள் பழைய கார் என்னெதிரே வந்து நின்றது.

"செங்கல்பட்டா பாப்பா? ஏறு. நாங்களும் அங்கதான் போய்க்கினு கீறோம்."

முன் இருக்கையில் அவர் மனைவி சாய்ந்து அமர்ந்திருந்தார். இடக்கையில் கட்டு. நான் பின்னால் ஏறினேன். காலை ஒன்பது மணிக்கே வண்டிக்குள் அனல். ஏசி ஓடவில்லை. கண்ணாடியை இறக்கப் போனேன்.

"முழுசா எறக்காத பாப்பா. காத்து உள்ள பூந்தா பெட்ரோல் ஜாஸ்தி குடிக்குமாம். போன்ல பார்த்தேன்."

"ஏசி மேல விரலை வெச்சேன்னா கையை ஒடிச்சிடுவாரு," என்றார் அவர் மனைவி. "ஸ்டெப்னியைக் கூட கழட்டி வூட்ல வெச்சிட்டாரு. கனமாம். நாளைக்கு என்னையும் கழட்டி வெப்பாரு."

"உன்னை எங்க கழட்டறது. உன்னால தானே வண்டியே."

சிரித்தேன். அவர் நாற்பதுக்கு மேல் வேகம் போகவில்லை. கியர் மாற்றும் ஒவ்வொரு முறையும், சரியாகப் போட்டோமா என்று தமக்குள் கேட்டுக்கொள்பவரைப் போல ஒரு கணம் நிதானித்தார். ஊர் தாண்டிச் சற்றுத் தொலைவு போனபின், கண்ணாடியில் என்னைப் பார்த்தபடி தயக்கத்தோடு கேட்டார்.

"கோச்சிக்காத பாப்பா. உங்க கையில இருபத்திரண்டு புள்ளி நாலு குடுத்த வண்டி, என் கையில மட்டும் ஏன் பதினாறைத் தாண்ட மாட்டேங்குது?"

"வண்டி இன்னா பண்ணும்? மூட்டை தூக்கற மாரி கியர் போட்டா அப்பிடித்தான்," என்றார் மனைவி.

நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் என் மனத்தில் இருந்ததெல்லாம், என் சொல் பொய்த்ததாகத் தெரியக்கூடாது என்பது ஒன்றுதான். ஆகவே மீண்டும் பேசினேன். வண்டி அதேதான், ஓட்டுகிற கைதான் வேறு என்றேன். கிளட்சின் மேல் காலை வைத்தே ஓட்டுவது தவறு, பிரேக்கை அடிக்கடி மிதிப்பது தவறு என்று, அரைகுறையாகக் கேட்டிருந்தவற்றையெல்லாம் கோவையாக எடுத்துரைத்தேன். அவர் பாடம் கேட்பவரைப் போலத் தலையாட்டிக்கொண்டே வந்தார்.

"ரெண்டு வாரமா ஒரு வித்தை பண்ணிக்கினு கீறேன். இப்போ பாரு."

சாலை ஒரு சிறு குன்றின் ஓரமாக மேலேறி, பின் வளைந்து ஏரியை நோக்கி இறங்கும் இடம் அது. உச்சியைத் தாண்டியதும் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினார். வண்டி ஓசையின்றி உருளத் தொடங்கியது.

"எறக்கத்துல எதுக்குப் பெட்ரோல்? தானா போவுது பார்."

"அருமை அண்ணே," என்றேன். இந்தச் சொல்லை நான் எழுதாமல் விட்டிருக்கலாம். ஆனால் சொன்னது சொன்னதுதான்.

வளைவைத் திரும்பியபோது, இறக்கத்தின் அடியில் சாலையின் எங்கள் பக்கம் முழுவதும் நெல் காயவைத்திருந்தார்கள். மூன்று பெண்கள் காலால் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். மறுபக்கத்தில் கல்குவாரி லாரி ஒன்று மேலேறி வந்துகொண்டிருந்தது. அவர் பிரேக்கை மிதித்தார். முதல் மிதிக்கு வண்டி அடங்கியது. இரண்டாம் மிதிக்குப் பாதி அடங்கியது. மூன்றாம் முறை மிதி இறங்கவே இல்லை. எஞ்சின் நின்றால் பிரேக்குக்குக் கிடைக்கும் துணைவிசையும் நின்றுவிடும் என்பதைப் பின்னர் மெக்கானிக் சொல்லித்தான் அறிந்தேன். அப்போது எங்களுக்குத் தெரிந்தது அவர் தாழ்ந்த குரலில் சொன்ன ஒரு வரிதான்.

"பிரேக்கு கல்லு மாரி கீது."

ஸ்டியரிங்கும் இறுகியிருந்தது. கைப்பிரேக் என்று ஒன்று இருப்பது எங்கள் மூவரில் ஒருவருக்கும் நினைவுக்கு வரவில்லை. அந்தப் பெண்களில் ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். அவருடைய முகத்தை என்னால் இன்றும் வரைந்து காட்ட முடியும். பேசிப் பழகிய என் வாயிலிருந்து ஓர் எச்சரிக்கைச் சொல்கூட எழவில்லை.

இருபது ஆண்டுகள் மூட்டை தூக்கிய தோள்கள்தான் அன்று எங்களைக் காப்பாற்றின. அவர் எழுந்து நிற்பவரைப் போல உடம்பையெல்லாம் கொடுத்து ஸ்டியரிங்கை இடப்புறம் திருப்பினார். பெண்கள் சிதறி ஓடினார்கள். சாலையோரத்தில் தார்ப்பாய் போட்டுக் குவித்திருந்த நெல் அம்பாரத்தில் வண்டி முட்டி, புதைந்து, நின்றது. முன் கண்ணாடி முழுவதும் நெல். லாரி எங்களைக் கடந்து போன ஓசை அதன் பிறகுதான் கேட்டது.

யாருக்கும் காயமில்லை. நெல்லுக்கு உரிய பெண்மணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தார்.

"இன்னாய்யா, உன் வூட்டுக்குள்ள வர்ற மாரி வர்ற? கண்ணு பொடனியிலயா கீது? இவளுங்க மூணு பேரும் இந்நேரம் நெல்லோட நெல்லா கெடந்திருப்பாளுங்க."

அவர் இறங்கிக் கைகூப்பினார். "தப்பு எம்மேல தாம்மா. எனக்குத்தான் ஓட்ட வரல. அஞ்சு மாசமா கத்துக்கினு கீறேன், வரவே மாட்டேங்குது."

நான் அவருக்குப் பக்கத்தில்தான் நின்றேன். அவர் பொய் சொல்லவில்லை. என் பொய்யை நம்பிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தப் பெண்மணி வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். குரல் மாறியது. "இந்தம்மாவுக்குக் காலு இன்னா இப்பிடி வீங்கிக் கீது?"

அவர் மனைவி, பால் திரிந்துபோனதைச் சொல்லும் குரலில் சொன்னார்: "கிட்னி. டயாலிசிஸ் போய்க்கினு கீறோம். மூணு நாள் வரச் சொன்னாங்க. பெட்ரோல் தாங்கல. வாரா வாரம் புதன்கிழமையை வுட்டுடறோம். அதான் தண்ணி எறங்காம காலுலயே நிக்குது."

இருபத்திரண்டுக்கும் பதினாறுக்கும் உள்ள வேறுபாட்டை அதுவரை நான் ஓர் எண்ணாகக்கூட நினைத்ததில்லை. அந்த வேறுபாடு ஒரு புதன்கிழமை. ஒரு பெண்ணின் உடம்பிலிருந்து நஞ்சு வெளியேற வேண்டிய மூன்று நாள்களில் ஒரு நாள். அதை எடுத்தது நான். எடுத்தேன் என்று எனக்கே தெரியாமல் ஐந்து மாதங்கள் மேடைகளில் கைதட்டு வாங்கிக்கொண்டிருந்தேன்.

பெண்கள் நால்வரும் கைகொடுத்து வண்டியைப் பின்னால் தள்ளினார்கள். முன்புறம் நசுங்கியிருந்தாலும் எஞ்சின் உயிர்பெற்றது. "நெல்லை நாங்க அள்ளிக்கிறோம். நீ மொதல்ல இட்டுக்கினு போ. சத்தமே இல்லாம வந்த மாரி வராத, எஞ்சினைப் போட்டுக்கினு போய்யா," என்றார் அந்தப் பெண்மணி.

மீண்டும் சாலைக்கு வந்தபின் நான் சொல்ல முயன்றேன். எனக்குத் தொடக்கம் கிடைக்கவில்லை. கடைசியில் எந்த அணியும் இல்லாமல் வந்தது: "அண்ணே, நான் அதை அளக்கவே இல்ல. எனக்கு மைலேஜே தெரியாது. நீங்க வாங்கணும்னு வாய்க்கு வந்ததைச் சொன்னேன்."

அவர் கண்ணாடியில் என்னை ஒரு முறை பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன்.

"அப்போ நான் ஓட்டறது சரிதானா?" என்றார்.

கேட்டபோது அவர் குரலில் இருந்தது நிம்மதி. அந்த நிம்மதிதான் என்னைத் தலைகுனிய வைத்தது. அவர் மனைவி கையை நீட்டி ஏசியைப் போட்டார். கணவர் தடுக்கவில்லை.

"அஞ்சு மாசமா உன்னைப் பேசாத பேச்செல்லாம் பேசிட்டேனேய்யா."

"பேசாத நாளு எப்போ இருந்துச்சு."

மருத்துவமனை வாயிலில் அந்த அக்காவைக் கைத்தாங்கலாக இறக்கினேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டே, கோபமில்லாமல் சொன்னார்: "விக்கச்சொல்ல நீ சொன்னது கூட போவட்டும். சின்னப் பொண்ணு, வாய் இருக்குது, சொல்லிட்ட. கொஞ்ச நேரம் முன்னாடி வண்டியில கேட்டாரே, அப்பவாவது சொல்லியிருக்கலாம் இல்ல?"

போட்டிக்கு நான் போகவில்லை. சிகிச்சை முடியும் வரை, அந்த நான்கு மணி நேரமும் அவர் கணவரோடு வெளியே பெஞ்சில் அமர்ந்திருந்தேன்.

மாலையில் அப்பாவிடம் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "பதினஞ்சு, பதினாறுன்னு நானே சொல்லியிருப்பேனே. என்னை ஏன் கேக்கல?" வண்டியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்று அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சொன்னார். பேருந்துக்குத் திரும்ப முடியாது என்பதால் அவர்கள் கொடுக்கவில்லை. மறுநாள் ஸ்டெப்னியை மாட்டி, முன்புறத்தைச் சீர்செய்து, டேங்கை நிரப்பி, அடுத்த முறை நிரப்பும் வரை ஓடிய தொலைவை நானும் அந்த அண்ணனும் சேர்ந்து அளந்தோம். ஏசியோடு, அந்தச் சாலையில், மூன்று பேர் எடையோடு, பதினைந்துக்குச் சற்று மேலே வந்தது. வண்டியில் எந்தக் குறையும் இல்லை. அவர் ஓட்டுவதிலும் இல்லை.

புதன்கிழமைக்கான பெட்ரோலை, சிறுவர்களுக்குப் பேச்சுப்பயிற்சி கொடுத்து வரும் பணத்திலிருந்து நான் போடுகிறேன் என்றேன். அந்த அக்கா இரண்டு வாரம் மறுத்தார். "தானமா குடுத்தா வேணாம். தப்புக்குக் குடுக்கறேன்னா வாங்கிக்கிறேன்," என்று பிறகு ஒப்புக்கொண்டார். தப்புக்குத்தான் என்றேன். புதன்கிழமைகள் திரும்பின, கால்வீக்கம் வடிந்தது.

அன்று வண்டியில் அந்த அண்ணன் மைலேஜ் பற்றி என்னைக் கேட்ட இடத்துக்கும் அந்த இறக்கத்தின் உச்சிக்கும் நடுவே எப்படியும் இரண்டு கிலோமீட்டர் இருக்கும். எனக்குத் தெரியாது என்று சொல்ல அந்த இரண்டு கிலோமீட்டர் எனக்குப் போதுமானதாக இருந்தது, நான் சொல்லவில்லை என்பதை நினைக்கும்போது, எத்தனை பெரிய அவையின் முன் நின்றாலும் எனக்கு இன்றும் ஒரு கணம் நா எழுவதில்லை.