குழி வெட்டியவர்களுக்கு ஒரு போத்தல்

அண்ணன் கொழும்புக்கு வேலைக்குப் போய், குடு என்கிற ஹெரோயின் பழக்கத்தோடு நோர்வூட் பக்கத்திலுள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பினான். ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தும் மறுபடி விழுந்தான். அவனை நிமிர்த்தியது ஞாயிறுதோறும் பிள்ளைக் காம்பராவில், கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் அந்த அறையில், கூடிய கூட்டம்தான். அண்ணனோடு சேர்த்து நான்கே பேர். எல்லோரும் அதே பழக்கத்தை விட்டவர்கள். ஒருவர் தன் வாரத்தைச் சொல்வார், மற்றவர்கள் கேட்பார்கள். சாராயமும் தொடக்கூடாது என்பது அவர்களின் கட்டுப்பாடு. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் "குடுகாரங்க சங்கம்" என்று சிரித்தார்கள். எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான். என்னைப் பார்த்தும் ஒரு காலத்தில் அப்படித்தான் சிரித்தார்கள்.

போன மழைக்காலத்தில் நால்வரில் மூத்தவர் மறுபடி குடு எடுத்து, தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் செத்துக் கிடந்தார். தாங்களே குழி வெட்டுவதாக மற்ற மூவரும் முன்வந்தார்கள். குழி வெட்டுகிறவர்களுக்குச் செத்த வீட்டிலிருந்து சாராயம் வரும் என்பதை அவர்கள் யோசிக்கவில்லை. மறுத்தால் அந்த வீட்டுக்கே அவமானம்.

பெண்கள் மயானத்துக்குள் போவதில்லை. தேத்தண்ணி வாளியோடு, கீழே பேசுவது கேட்கும் தூரத்தில், மேலே ரோட்டில் நின்றேன். செத்தவரின் மச்சான் போத்தலோடு வந்தார்.

"எடுங்கப்பா, குளுருக்கு."

"தேத்தண்ணி போதும் மாமா," என்றான் அண்ணன்.

"அவன் வீட்டுச் சாராயம் எறங்காதோ? அவனோட சேந்து குடு அடிக்கிறப்போ மட்டும் எறங்குச்சோ?"

பக்கத்தில் நின்ற எங்கள் அப்பா, "ஒரு வாய் குடிச்சிருடா, மானத்த வாங்காத," என்றார்.

மற்ற இருவரும் கை நீட்டி வாங்கினார்கள். அண்ணன் குனிந்து மண்ணை வெட்டிக்கொண்டே இருந்தான்.

அடுத்த ஞாயிறு அந்த இருவரும் பிள்ளைக் காம்பராவுக்கு வரவில்லை. அண்ணன் என்னைக் கூப்பிட்டான்.

"தங்கச்சி, கொஞ்சம் வந்து ஒக்காரு."

"நான் என்ன பேசணும்?"

"கேட்டா போதும். தனியா பேசுனா பைத்தியம்னுவாங்க."

குழந்தைகளின் பாயில் உட்கார்ந்தேன்.

"அன்னைக்கு நானும் குடிச்சிருப்பேன். நீ மேல நின்னு பாத்துக்கிட்டு இருந்ததாலதான் தொடல. நாளைக்கு நீ வேலைக்குப் போயிருவ. அப்புறம் யாரு பாத்துக்கிட்டு நிப்பாங்க?"

என்னால் அவன் நிலைமையைப் புரிந்துகொள்ளத்தான் முடியும். அதை அனுபவித்தவர்கள் அந்த இருவரும்தான். அவர்களைத் தேடி இருவருமாகக் கீழ் லயத்துக்கு இறங்கினோம். ஒருவனின் வீடு பூட்டியிருந்தது. மற்றவனின் வீட்டு வாசலில் அவனுடைய அம்மா நின்று, "அவன் இல்ல தம்பி," என்றாள். உள்ளே யாரோ இருமினார்கள்.

"இருக்கட்டும்மா, அவன் வர்ற வரைக்கும் இருக்கேன்," என்று அண்ணன் மழையில் நனைந்த படியில் உட்கார்ந்தான்.