மண்ணுக்குள் இருந்த இரண்டு வரி

என் கணவர் லுட்கர் ஹெடர்காட் நாற்பத்தோரு வருடம் கல்லறைக் கல் வெட்டினார். எங்கள் ஊரிலும் சுற்றியுள்ள ஏழு ஊர்களிலும் யார் செத்தாலும் பாதிரியாருக்கு அடுத்தபடி அவரிடம்தான் வருவார்கள். மாதா, தேவதை, சிலுவை சுமக்கிற இயேசு எல்லாம் செதுக்குவார். முகம் சுமாராகத்தான் வரும். அதை அவரே ஒப்புக்கொள்வார். கைகளை மட்டும் அப்படிச் செதுக்குவார், தொட்டால் சூடாக இருக்குமோ என்று தோன்றும். அவருடைய இடது கையில் இரண்டு விரல் கிடையாது. ரஷ்யாவில் போர்க்கைதியாக இருந்தபோது பனியில் போனவை.

புதுக்கல் எளிதில் கிடைக்காத காலம் அது. இடத்தின் குத்தகை முடிந்த பழைய கல்லறைகளின் கற்களை வாங்கி, பழைய பெயரைச் சீவி எறிந்துவிட்டுப் புதுப் பெயரை வெட்டுவார். வெட்டிய எழுத்துக்குள் சாயம் பூசுவது என் வேலை.

ஊரின் மேற்குப் பக்கம், உருளைக்கிழங்கு வயல் முடிகிற இடத்தில் வேலி. வேலிக்கு இந்தப் பக்கம் கிழக்கு ஜெர்மனி, அந்தப் பக்கம் மேற்கு ஜெர்மனி, என் அக்காவின் ஊர். அங்கே மணி அடித்தால் என் சமையலறையில் கேட்கும். 1974-ல், அக்காவை நான் பார்த்துப் பதின்மூன்று வருடம் ஆகியிருந்தது. வேலியை இறுக்கிய வருடம், ஒரு அக்டோபர் காலையில், எதிர்வீட்டுக் குடும்பத்தை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர்கள் செய்த குற்றம், அந்தப் பக்கம் பார்த்துக் கையசைத்ததாம். அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. நான்தான் போய் இறக்கி வைத்தேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு பேசியதில்லை.

1974 மார்ச்சில் ஆக்னெஸ் ரோடேயின் மகன் ரைன்ஹோல்ட் வேலியில் செத்தான். இருபத்து மூன்று வயது. டிராக்டர் பழுது பார்ப்பவன். ஆக்னெஸ் கூட்டுப்பண்ணையில் சமையல் செய்தாள். அவள், லுட்கர், நான் மூவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். விபத்து என்று ஒரு தாளில் அவளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஆணியடித்த பெட்டியைக் கொடுத்தார்கள்.

அவள் வருவதற்கு முன்பே எங்கள் பட்டறைக்கு இரண்டு பேர் வந்தார்கள். சாம்பல் நிறக் கார், ரகசியப் போலீஸ். பெயர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இளையவன் ஒரு மாதா சிலையின் விரல்களை மெல்லத் தடவிப் பார்த்தான்.

“என்னமா செஞ்சிருக்கீங்க மேஸ்திரி! இப்படிப்பட்ட கைக்கு ஒண்ணும் ஆயிடக் கூடாது பாருங்க.”

மூத்தவன் நேராக விஷயத்துக்கு வந்தான். “ரைன்ஹோல்ட் ரோடே. பேரு, பொறந்த வருசம், செத்த வருசம். தேதி வேணாம், எடம் வேணாம், பைபிள் வசனமும் வேணாம்.”

“அவங்க அம்மா வேற மாதிரி கேட்டா?”

“அம்மா ஆயிரம் கேக்கும். உளி உங்க கையிலதானே இருக்கு?” போகும்போது வாசலில் நின்று, “பொண்ணு லைப்சிக்ல டாக்டருக்குப் படிக்குதாமே, நல்லாப் படிக்கட்டும்” என்றான்.

கார் போன பிறகு லுட்கர் வாசல் கதவைத் தாழிட்டார். பட்டப்பகலில் அதைத் தாழிட்டு நான் பார்த்ததே இல்லை.

மூன்றாம் நாள் ஆக்னெஸ் வந்தாள். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை.

“பெட்டிய மூடறதுக்கு முன்னாடி அவன் கைய மட்டும் பாக்க விட்டாங்க, லுட்கர்.”

“கை எப்படி இருந்துச்சு?” அவருக்கு அதைத்தான் கேட்கத் தோன்றியது.

“சேறு. நகமெல்லாம் சேறு. கழுவக்கூட இல்ல. பெட்டியில வெச்சவ எங்கிட்ட சொன்னா, ஓட்டை முதுகுல இருக்குன்னு. கல்லுல அதப் போடு.”

லுட்கர் தரையைப் பார்த்தபடி, அந்த இருவர் வந்து போனதைச் சொன்னார். அவள் என் பக்கம் திரும்பினாள்.

“உங்க லீஸி டாக்டராகணும். அதனால எம்புள்ள விபத்துல செத்தான். அப்படித்தானே, மெக்டில்ட்?”

நான் அவளுக்குக் காபி ஊற்றினேன். அவள் குடிக்கவில்லை.

“பயமா இருந்தா உண்மைய வெட்டாத. பொய்ய மட்டும் வெட்டிடாத” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஒரு மாதம் கழித்து நான் எதற்கோ பட்டறைக்குள் நுழைந்தபோது லுட்கர் அவசரமாகக் கல்லின் மேல் சாக்கைப் போட்டார். திருட்டுத்தனமாகத் தின்று மாட்டிக்கொண்டவர் போல நின்றார். நான் சாக்கை இழுத்தேன். கல்லின் முன்பக்கம் சொன்னபடிதான் இருந்தது: பெயர், இரண்டு வருடம். பின்பக்கத்தில், மண்ணுக்குள் இறங்குகிற அடிப்பகுதியில், இரண்டு வரி.

‘1974 மார்ச் 9, வேலியில்
முதுகில் சுடப்பட்டு இறந்தான்.’

சாக்கை மறுபடி கல்லின் மேல் போட்டேன். “பைத்தியமா புடிச்சிருக்கு உனக்கு?”

“மண்ணுக்குள்ள போறதுதானே. புழுதான் படிக்கும்.”

“லீஸிய நெனச்சியா?”

“அவளத் தவிர வேற ஒண்ணையும் நெனைக்கல. பொய் வெட்டலன்னு ஆக்னெஸ்கிட்ட சொல்லணும், மெக்டில்ட். அவ மூஞ்சியப் பாக்கணும்ல நான், சாகற வரைக்கும்.”

ஆக்னெஸ் வந்து அந்த எழுத்துகளை விரலால் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். மறுநாளே கல்லை நட்டார்கள்.

புதுக் கல்லறை மண் எப்போதும் தாழும். மழை பெய்தால் இன்னும் தாழும். ஒவ்வொரு மழைக்கும் லுட்கர் விழித்துக்கொண்டு கிடப்பார். விடிந்ததும் ஒரு வாளி மண்ணோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விடுவார். ஊர் சும்மா இருக்குமா? ரொட்டிக்கடை வரிசையில் ஒருத்தி, “உம் புருசனுக்கு ஆக்னெஸ் மேல ஒரு கண்ணு போல இருக்கே, புள்ள கல்லறையே கதின்னு கெடக்காரு” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அப்படி நினைத்துக்கொண்டு போகட்டும் என்று நானும் சேர்ந்து சிரித்தேன்.

இப்படி மூன்று வருடம் போனது. 1977 ஆகஸ்டில் எங்கள் பழைய தபால்காரர் செத்தார். அவருக்கு ஒதுக்கியிருந்த இடம் ரைன்ஹோல்டின் கல்லுக்கு நேர் பின்னால். லுட்கர் கல் பார்க்க வெளியூர் போயிருந்தார். திரும்பி வந்தபோது நான் வாசலிலேயே நின்று சொன்னேன். “பெர்ன்வார்ட் குழி தோண்டறான். காலையிலேருந்து.”

பெர்ன்வார்ட் எங்கள் ஊர் வெட்டியான். குடித்தால் வாய் நிற்காது. மாதம் ஒருமுறை நல்ல சட்டை போட்டுக்கொண்டு பஸ்ஸில் எங்கோ போய் வருவான். சாம்பல் நிறக் கார்க்காரர்களைப் பார்க்கத்தான் என்று எல்லோருக்கும் ஒரு யூகம் உண்டு, யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

லுட்கர் தொப்பியைக்கூட எடுக்காமல் ஓடினார். அங்கே நடந்ததை அவர் பிறகு சொன்னார். முதல் நாள் மழையில் ஊறியிருந்த குழியின் ஒரு பக்கம் சரிந்து, கல்லின் அடிப்பகுதி முழுவதும் வெளியே தெரிந்தது. பெர்ன்வார்ட் தலையளவு ஆழக் குழிக்குள் நின்றிருந்தான். அந்த இரண்டு வரியும் அவன் கண்ணுக்கு நேரே.

“வாங்க மேஸ்திரி. உங்க கல்லு சாயுது.”

“நான் பாத்துக்கறேன், பெர்ன்வார்ட். நீ மேல ஏறு.”

“எதுக்கு ஏறணும்? இன்னும் ஒரு அடி பாக்கி இருக்கு.”

“இதுல... ஏதாவது பாத்தியா?”

பெர்ன்வார்ட் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்தான். “எனக்குக் கண்ணாடி இல்லாம ஒரு எழுத்தும் தெரியாது மேஸ்திரி.”

கண்ணாடி அவன் மூக்கின் மேல்தான் இருந்தது.

லுட்கர் வீட்டுக்கு வந்து சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தார். சூப் ஆறியது. நான் அக்காவின் கடிதங்களையெல்லாம் அடுப்பில் போட்டேன். அவற்றில் ஒன்றுமே இல்லை, ஜலதோஷமும் ஆப்பிள் கேக்கும்தான். ஆனாலும் போட்டேன். தெருவில் கார் சத்தம் கேட்டால் இருவரும் பேச்சை நிறுத்துவோம். தபால்காரரின் அடக்கத்துக்குப் போகாவிட்டால் சந்தேகம் வரும் என்று போனோம். சரிந்த பக்கத்தைப் பலகை வைத்து மறைத்திருந்தார்கள். பாதிரியார் ஜெபம் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை. அந்தப் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஞாயிறு பூசை முடிந்து லுட்கர் தயங்கித் தயங்கிக் கல்லறைக்குப் போனார். நானும் கூடப் போனேன். கல்லின் அடியைச் சுற்றித் தொட்டி மாதிரி அகலமாகச் சிமெண்ட் கொட்டியிருந்தது. கரடுமுரடான வேலை. ஒரு எழுத்தும் தெரியவில்லை. பெர்ன்வார்ட் பின்னால் வந்து நின்றான்.

“சாயற கல்லுக்குச் சிமெண்ட் போடணும்னு மேஸ்திரிக்கு நான் சொல்லித் தரணுமா? பன்னிக் கொட்டகைக்குன்னு ரெண்டு வருசமாச் சேத்து வெச்சது. போச்சு.”

“பெர்ன்வார்ட்...” என்று லுட்கர் ஆரம்பித்தார்.

“ஒண்ணும் சொல்லாதீங்க. நீங்க சொன்னா எனக்குத் தெரிஞ்சிரும். தெரிஞ்சா, கேட்டாச் சொல்லணும்.”

அதோடு பயம் தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. சொல்லாதவன் நாளைக்குச் சொல்லலாமே. ஒவ்வொரு மாதமும் பெர்ன்வார்ட் நல்ல சட்டை போட்டுக்கொண்டு பஸ் ஏறும் நாளில் லுட்கர் பட்டறையைத் திறக்கமாட்டார். சாயங்கால பஸ்ஸில் அவன் இறங்கி, தெருவில் யாரையாவது வைதபடி நடந்து போவதைக் கேட்ட பிறகுதான் சாப்பிடுவார். கை நடுங்க ஆரம்பித்தது. சிலைகள் நின்றுபோயின. எழுத்து மட்டும் வெட்டினார். லீஸி படித்து முடித்தாள், டாக்டரானாள், பிள்ளை பெற்றாள். அவளிடம் நாங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பெர்ன்வார்ட் 1986-ல் ஈரல் கெட்டுச் செத்தான். அவன் பெயரை வெட்டும்போது லுட்கர் அழுதார். துக்கமா நிம்மதியா என்று நான் கேட்கவில்லை.

பிறகு 1989-ல் வேலி திறந்தது. அடுத்த வசந்தத்தில் ஆக்னெஸ் வந்தாள், இந்தமுறை உட்கார்ந்தாள். “இப்ப மேல வெட்டு, லுட்கர். எல்லாரும் படிக்கிற மாதிரி.” சிமெண்டை உடைத்தால் கல்லும் உடைந்துவிடும். அதனால் அதே இரண்டு வரியை முன்பக்கத்தில், பெயருக்குக் கீழே, நின்ற கல்லிலேயே வெட்டுவது என்று முடிவானது.

அறுபத்தொன்பது வயதில், பட்டப்பகலில், ஊர்க்காரர்கள் சுற்றி நிற்க, முழங்காலுக்குக் கீழே சாக்கை மடித்துப் போட்டுக்கொண்டு மூன்று நாள் வெட்டினார். இரண்டாம் நாள், கல்லறைத் தோட்டத்து வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. லுட்கர் சட்டென்று தன் கோட்டைக் கழற்றி எழுத்துகளின் மேல் போட்டு மூடி, அதன் மேல் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. சுற்றி நின்றவர்களில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. இரண்டு மூன்று பேர் தாங்களும் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆக்னெஸ் அவர் பக்கத்தில் குனிந்தாள். “ரொட்டி வண்டி, லுட்கர். வெறும் ரொட்டி வண்டி.”

“தெரியும்” என்றார் அவர். கொஞ்ச நேரம் எழுந்திருக்கவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் வேலை முடிந்தது. எழுத்துக்குள் நான் கறுப்புச் சாயம் பூசினேன். ஆக்னெஸ் கசகசா கேக் கொண்டுவந்திருந்தாள். கல்லறை விளிம்பில் மூவரும் உட்கார்ந்து தின்றோம். லுட்கர் வாசலைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார்.