சாய்ந்த முளைப்பாரி

மாமியார் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டால் மீனாள் யோசிக்கவே மாட்டாள். தன் மாமியார் நாச்சியார் பெயரைச் சொல்லிவிடுவாள். 1966 பங்குனிப் பொங்கலிலிருந்து அப்படித்தான்.

சாக்கோட்டைக்குப் பக்கத்து ஊர். அம்மனுக்கு முளைப்பாரி எடுக்கும் பெண்கள் தானியம் விதைத்த சட்டிகளெல்லாம் நாச்சியார் வீட்டு உள்ளறையில்தான் வளரும். சன்னல்கூடத் திறக்காத கும்மிருட்டு. அந்த இருட்டில்தான் முளைகள் வெளுத்து, நெடுநெடுவென்று உயரும். கல்யாணமாகி நாலு வருடமாகியும் பிள்ளை இல்லாத மீனாள், வேண்டிக்கொண்டு முதல்முறையாக ஒரு சட்டி போட்டிருந்தாள்.

ஊர்வலத்துக்கு இரண்டு நாள் முன்பு, தண்ணீர் தெளிக்கப் போன பெண்கள் பார்த்தார்கள். மற்றதெல்லாம் நேராக நிற்க, மீனாளின் முளைகள் மட்டும் மொத்தமாக ஒரு பக்கம் சாய்ந்திருந்தன.

"ஆத்தா மொகத்தைத் திருப்பிக்கிட்டா. இதை எப்படித் தூக்குறது?" என்றாள் பக்கத்து வீட்டுப் பொன்னழகு. வாய்தான் நீளம், கெட்டவள் இல்லை. மற்றவர்களும் தலையாட்டினார்கள். பாரி ஊர்வலம் போகாமல் நின்றுபோனால் மீனாளுக்கு மலடி என்ற பேர் நிலைத்துவிடும்.

நாச்சியார் சட்டியருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, முளைகள் சாய்ந்த பக்கமாக அண்ணாந்து பார்த்தாள். கூரையில் ஓடு ஒன்று விலகி, விரலகல வெளிச்சம் விழுந்துகொண்டிருந்தது. தண்டின் நிழல் பக்கம் கூடுதலாக நீள்வதால்தான் முளை வெளிச்சத்தை நோக்கி வளைகிறது என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாது. ஓட்டை தெரிந்தது, அது போதும்.

"வெளிச்சத்தைத் தேடிப் போயிருக்கு. வேறென்ன?"

"மருமகளுக்காக ஓட்டு மேல பழியைப் போடாதீக அக்கா" என்றாள் பொன்னழகு.

நாச்சியார் மல்லுக்கு நிற்கவில்லை. ஊர்வலத்தில் எப்போதும் முதலில் போவது அவளுடைய பாரிதான். எல்லாரும் பார்க்க அந்தச் சட்டியைத் தூக்கி, மீனாள் சட்டிக்குப் பக்கத்தில், அதே ஓட்டையின் வெளிச்சம் பக்கவாட்டில் படும்படி வைத்தாள்.

"அத்தை, ஒங்க பாரியும் கெட்டுப்போகும்!" என்று மீனாள் பதறினாள்.

"போகட்டுமே" என்றாள் நாச்சியார்.

பொங்கலன்று கதவைத் திறந்தபோது இரண்டும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன.

"என் பாரியுந்தான் சாஞ்சிருக்கு. என்னையும் ஒதுக்கி வச்சிட்டுப் போறீகளா?"

கடைசியில் பொன்னழகே மீனாள் சட்டியைத் தூக்கி அவள் தலையில் வைத்தாள். மாமியார் முன்னே, மருமகள் பின்னே, இரண்டு சாய்ந்த பாரிகளும் கோயிலுக்குப் போயின. மீனாள் வழியெல்லாம் அழுதுகொண்டே நடந்தாள். அத்தனையும் நன்றிக் கண்ணீர்.

பிள்ளை என்னவோ ஆறு வருடம் கழித்துத்தான் பிறந்தது. அதுவரை ஊரில் ஒருத்தியும் மீனாளை ஒரு சொல் சொல்லவில்லை. சொன்னால் முதலில் நாச்சியாரைச் சொல்ல வேண்டியிருக்கும்.