பக்கத்து வீட்டுக்காரரின் பூகோளம்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, வீட்டுக்கு வெளியே சொல்லக்கூடாத சொல் ஒன்று இருந்தது. அந்தச் சொல் பிரான்ஸ். பள்ளிக்கூடத்தில் அந்த நாட்டுக்கு ஊதா நிறம் தீட்டி ஆசிரியையிடம் நட்சத்திரம் வாங்கியவள் நான். பள்ளிக்கூடத்தில் சொல்லலாம், சித்தப்பாவைப் பற்றிப் பேசும்போது மட்டும் சொல்லக்கூடாது என்றார் அம்மா. ஏன் என்று கேட்டதற்கு, சாப்பிட்டு முடி என்ற பதில்தான் கிடைத்தது.

சித்தப்பா நான்கு வருடம் பிரான்சில், குளிரான மலைச்சரிவு ஒன்றில், திராட்சைத் தோட்டங்களில் பதிவில்லாமல் வேலை செய்துவிட்டு லொறியில் லண்டனுக்கு வந்தவர். குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் அகதி விண்ணப்பம் கொடுத்தபோது கொழும்பிலிருந்து நேராக வந்ததாகச் சொல்லிவிட்டார். பிரான்ஸ் கதை தெரிந்தால் கேஸ் விழுந்துவிடும், திருப்பி அனுப்பிவிடுவார்கள். அது 2009. திருப்பி அனுப்பினால் எங்கே போய் நிற்க வேண்டும் என்பதை எங்கள் வீட்டுத் தொலைக்காட்சி நாள்முழுக்கக் காட்டிக்கொண்டிருந்தது. இதெல்லாம் நான் பிற்பாடு தெரிந்துகொண்டது.

லண்டன் கோலியர்ஸ் வுட்டில் எங்கள் வீட்டுப் பின்வளவில் ஒரு பழைய திராட்சைக் கொடி நின்றது. வேர் எங்கள் பக்கம், கொடியில் பாதி வேலிக்கு அந்தப் பக்கம். அந்தப் பக்கத்து வீட்டில் ஓய்வு பெற்ற வெள்ளைக்காரர் ஒருவர் தன் கராஜில் வைன் செய்வார். எங்கள் கொடியின் பழத்தில் செய்த வைனை, புளிப்புத் தாங்காமல், அவரே குடிப்பதில்லை.

வேலை செய்ய அனுமதியில்லாமல் வீட்டுக்குள் அடைந்து கிடந்த சித்தப்பா, பெப்ரவரியில் ஒருநாள் கத்தரிக்கோலோடு இறங்கி அந்தக் கொடியை மொட்டையடித்துவிட்டார். அம்மா தலையில் கைவைத்தார். பக்கத்து வீட்டுக்காரர் பதறிப்போய் வேலிக்கு வந்தார். ஒவ்வொரு கிளையிலும் இரண்டு மொட்டுகள் மட்டும் மிச்சம் வைத்திருந்த விதத்தை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பிறகு, சித்தப்பா இதை எங்கே படித்தார் என்று என்னிடம் கேட்டார். சித்தப்பாவுக்கு ஆங்கிலம் வராது, நான்தான் மொழிபெயர்ப்பாளர்.

"யாழ்ப்பாணம் எண்டு சொல்லு, பிள்ளை," என்றார் சித்தப்பா. சொன்னேன்.

அன்றோடு கூட்டு ஆரம்பமானது. வளர்ப்பது சித்தப்பா, வைன் செய்வது அவர், போத்தல்கள் பாதிப்பாதி. இதையும் வேலை என்று குரோய்டனில் எழுதிவிடுவார்களோ என்று அப்பா பயந்தார். ஏப்ரலிலும் மே மாதத்திலும் அப்பாவும் சித்தப்பாவும் போரை நிறுத்தச் சொல்லிப் பாராளுமன்றத்தின் முன்னால் பதாகையோடு நின்றார்கள். அந்த நாட்களில் பக்கத்து வீட்டுக்காரர் தனியாகவே தளிர்களைக் கம்பியில் கட்டிவிட்டார். மே மாதத்தில் போர் முடிந்த பிறகு சித்தப்பா எங்களோடு பேசுவதைக் குறைத்து, கொடியோடு நிற்பதைக் கூட்டிக்கொண்டார்.

கோடையில் அவர் குலைகளை மறைத்த இலைகளைக் கிள்ளி வெயிலுக்கு வழிவிட்டார். செப்டெம்பரில் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு சின்னக் குழலில் சாறு ஒரு சொட்டு விட்டு, வெளிச்சத்தில் பிடித்து இனிப்பின் அளவு பார்ப்பார். சித்தப்பா ஒரு பழத்தைத் தின்று, விதையைக் கடித்துப் பார்த்து, இன்னும் இரண்டு கிழமை என்பார். குழலும் அதையே சொல்லும். எனக்கு அந்தக் குழலைவிடச் சித்தப்பாவின் பல் மீதுதான் ஆச்சரியம்.

பக்கத்து வீட்டுக்காரருக்கும் அந்த ஆச்சரியம் இருந்திருக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் உறைபனி விழுந்தால் கொடியை எப்படிக் காப்பாற்றுவார்கள் என்று ஒருநாள் கேட்டார். யாழ்ப்பாணத்தில் உறைபனி இல்லை, வெயிலுக்குப் பயந்து பந்தல் போட்டு வளர்ப்பார்கள் என்று அப்பா சொல்லி எனக்குத் தெரியும். தெரிந்ததைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது. சித்தப்பா இதைப் பிரான்சில்தான் பழகினார் என்றேன். அது வெளியே சொல்லக்கூடாத சொல் என்பதையும், பாதுகாப்புக்காக, சேர்த்தே சொல்லிவைத்தேன்.

எல்லாவற்றுக்கும் மொழிபெயர்ப்பு கேட்கும் சித்தப்பாவுக்கு அந்த ஒரு சொல்லுக்கு அது தேவைப்படவில்லை. கத்தரிக்கோலைப் புல்லில் வைத்துவிட்டு உள்ளே போனார். பக்கத்து வீட்டுக்காரர் அவர் போன கதவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பழம் பறிப்பது சனிக்கிழமை என்று ஏற்கெனவே முடிவாகியிருந்தது. அதைப் பற்றி எழுத உள்ளூர்ப் பத்திரிகையிலிருந்து ஒரு பெண் வருவதாகவும் ஏற்பாடு. போக வேண்டாம் என்றார் அப்பா. ஞாயிற்றுக்கிழமை மழை என்றது வானொலி.

"மழை பட்டால் அவ்வளவும் அழுகிப்போம், அண்ணை. பழம் என்ன பிழை செய்தது?" என்று சித்தப்பா இறங்கிவிட்டார்.

அந்தப் பெண் கமெராவோடு வந்தாள். குளிர் நாட்டு வைனுக்கு இப்படிப் பழம் வளர்க்க எங்கே கற்றுக்கொண்டார் என்று கேட்டுவிட்டு, என் பக்கம் திரும்பினாள். சித்தப்பாவின் கை குலையைப் பிடித்தபடி நின்றது. குசினி ஜன்னலில் அம்மா.

நான் வாயைத் திறக்குமுன் பக்கத்து வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். "யாழ்ப்பாணத்தில். அங்கே பெரிய மலைகள். உறைபனி கொட்டும். அந்த ஊர்க்காரருக்கு இது கைவந்த கலை."

நான் வகுப்பில் போலக் கையை உயர்த்தினேன். அவர் என் கையில் ஒரு குலையைத் திணித்து, தின்னச் சொன்னார். படம் எடுத்தபோது அவரே சித்தப்பாவுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார். பத்திரிகையில் சித்தப்பாவின் கைகள் மட்டும்தான் விழுந்தன, கீழே யாழ்ப்பாணத்து மலைகள் பற்றிய செய்தி. அப்பா அதை வாசித்துக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். சித்தப்பா அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, வேலியடியில் போய் நெடுநேரம் நின்றார்.

எனக்கு மட்டும் பொறுக்கவில்லை. பத்திரிகை வந்த மறுநாள், மழையில் என் பள்ளிக்கூடத்து அட்லஸை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டுக்காரரின் கதவைத் தட்டினேன். யாழ்ப்பாணத்தைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டுக் காட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இதில் மிக உயரமான மலை எது என்று கேட்டார். ஒன்றுமே இல்லை, எல்லாம் தட்டை நிலம் என்று பொறுமையாக விளக்கினேன். அவர் தலையாட்டிக் கேட்டு, நன்றி சொன்னார். இவ்வளவு வயதாகியும் இதுகூடத் தெரியாமல் இருக்கிறாரே என்று எனக்கு அவர்மேல் இரக்கமாக இருந்தது.